முதலாளிக்கு ஒரு கடிதம்

காரைக்குடிப் பெருமக்களே, தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களே, முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஆச்சிமார்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

நான் இன்று பேச வந்தது கம்பனைப் பற்றி இல்லை. கம்பனைப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதியானவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறீர்கள். நான் பேச வந்தது ஒரு கடிதத்தைப் பற்றி. வாங்கிய பொருள் பழுது. கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லை. கேட்டால் பதில் இல்லை. இப்படி ஒரு குறை பெரிய கம்பெனி ஒன்றின் மேல் நமக்கு இருந்தால், அதன் தலைமையில் இருப்பவருக்கே நேராக எழுதலாமா? எழுதினால் படிப்பாரா? படிக்க வைக்க எப்படி எழுத வேண்டும்? படித்தும் அசையாவிட்டால் பிறகு எங்கே போவது?

இதற்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். ஆனால் இதைப் பேசுவதற்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால், ஒரு காலத்தில் புகார் வந்து சேர வேண்டிய இடமாக இருந்தது இந்த ஊர். தலைமை அலுவலகம் இங்கே இருந்தது. வாடிக்கையாளர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். இன்று எல்லாம் தலைகீழ். வாடிக்கையாளர் இங்கே இருக்கிறார். தலைமை அலுவலகம் மும்பையிலோ குருகிராமிலோ சியாட்டிலிலோ இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரத்தார் கடைகள் இருந்தன. ரங்கூன், மௌல்மீன், பெகு, பஸ்ஸீன் என்று நெல் விளைகிற பக்கமெல்லாம் கடை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர் யார்? பல கடைகளில் முதலாளி போகவில்லை. முதலாளி இங்கே, வளவு வீட்டு முகப்பில் இருந்தார். போனவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பொதுவாக மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு மேலாள் ஊர் திரும்புவார், வேறொருவர் கப்பல் ஏறுவார். நம் பக்கத்துச் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த வட்டிக்கடை உலகத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கடையிலிருந்து முதலாளிக்கு என்ன வரும்? கணக்கு வரும். ஐந்தொகை வரும். வரவு, செலவு, கொடுத்த கடன், வந்த வட்டி, வராத வட்டி எல்லாம் காசு பிசகாமல் வரும். அந்தக் கணக்கு முறையைப் பார்த்து வெள்ளைக்கார வங்கிக்காரர்களே வியந்தார்கள். நாமும் இன்றுவரை பெருமையாகப் பேசுகிறோம். பேசலாம், தப்பில்லை.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். பெகு பக்கத்தில் நாற்பது ஏக்கர் நெல் விதைத்த ஒரு பர்மியக் குடியானவன், மேலாள் தன்னிடம் நியாயமாக நடக்கவில்லை என்று நினைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் யாரிடம் சொல்வான்? மேலாளிடமே சொல்வான். மேலாள் கேட்காவிட்டால்? கடலைத் தாண்டி, மொழியைத் தாண்டி, கானாடுகாத்தானில் இருக்கிற முதலாளிக்கு எழுத அவனுக்கு வழி உண்டா? ஐந்தொகையில் அவன் வாங்கிய கடனுக்கு ஒரு வரி இருந்தது. அவன் மனக்குறைக்கு ஒரு வரி இருந்ததா?

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு 25 ஆனது. நிலம் வேண்டும் என்று யாரும் போகவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம். இருந்தாலும் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. யுத்தம் வந்து அங்கிருந்த நம் ஜனங்களில் பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றது, அதே வருஷம் நில தேசியமயச் சட்டமும் வந்தது. குடியானவன் குறையைக் கேட்டிருந்தால் அந்த நிலமெல்லாம் மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் மந்தமும் யுத்தமும் அரசியலும் கலந்திருக்கின்றன. நான் சொல்வது ஒன்றுதான். உச்சியில் இருந்தவருக்குத் தொகை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கணக்கில் எல்லாம் சரியாக இருந்தபோதே கணக்குக்கு வெளியே ஒன்று புழுங்கிக்கொண்டிருந்தது.

இதை நம் முன்னோரைக் குறை சொல்ல நான் எடுக்கவில்லை. இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் நடப்பதும் இதுவே என்று காட்ட எடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று தலைவர் முன்னால் திரையில் ஓடுகிறது. கோட்டையூரில் ஒரு ஆச்சி வீட்டு ஃபிரிட்ஜ் மூன்று மாதமாகக் குளிரவில்லை என்பது அந்தத் திரையில் ஓடுமா? ஓட வைக்க வேண்டும். அதற்குத்தான் கடிதம்.

சரி, இப்படி எழுதிய முன்னோடி யாராவது உண்டா? உண்டு. அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1917ஆம் வருஷம். செப்டம்பர் 12ஆம் தேதி பம்பாயில் மெயில் வண்டிக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுக்கிறார். போவது நம் சென்னைக்கு. சீட்டு விலை 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருக்கிறது. வழியில் பெரும்பாலான நேரம் முப்பத்தைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பயணம் முழுவதிலும் ஒரு தடவைகூடப் பெட்டியைப் பெருக்கவில்லை. கழிப்பறையின் நிலையைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிற உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை.

காந்தி என்ன செய்தார்? அந்த மாதம் 25ஆம் தேதி ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றிய சிறு நூலாக அது பிறகு அச்சில் வந்தது. இந்தக் கடிதத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டரை வருஷத்தில் கால் பங்குக்கு மேல் தாம் ரயிலில் கழித்ததாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் கண்ட குறைகளை ரயில்வே நிர்வாகங்களுக்கே முதலில் எழுதிக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறார். கவனித்தீர்களா? எடுத்த எடுப்பில் அவர் பத்திரிகைக்குப் போகவில்லை. முதலில் நிர்வாகத்துக்கு எழுதினார். அங்கே தீராது என்று கண்ட பிறகே ஊரைக் கூட்டினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் வெறுமனே, ரயிலில் கொடுமை என்று எழுதவில்லை. என்றைக்கு, எந்த வண்டி, எவ்வளவு கட்டணம், பெட்டியில் எத்தனை பேருக்கு இடம், ஏறியது எத்தனை பேர் என்று எழுதினார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேல். வசதியும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறதா என்று கணக்குக் கேட்டார். சக பயணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் மறைக்காமல் எழுதினார். நியாயம் கேட்பவர் தன் பக்கத்துப் பிசகை மறைக்கவில்லை என்றால் அவர் சொல்லுக்கு எடை கூடும். கடைசியில் ஒரு யோசனை சொன்னார். வைஸ்ராய், படைத்தலைவர், ராஜாக்கள், மகாராஜாக்கள் எல்லோரும் முன்னறிவிப்பு இல்லாமல் அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் போய்ப் பார்க்கட்டும், நிலைமை சீக்கிரம் மாறும் என்றார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாடிக்கையாளர் குறையைப் பற்றி இதைவிட நல்ல யோசனையை எந்த மேலாண்மைப் பேராசிரியரும் இதுவரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அதே 1917இல்தான் நம் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1927 செப்டம்பரில், அதே காந்தி இந்தச் சீமைக்கு வந்தார். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஜீவா ஆசிரமம் வைத்திருந்த சிராவயல் எல்லாம் போனார். அவருக்குப் பணமுடிப்புக் கொடுத்த ஊர் இது. அவரிடமிருந்து கடிதம் எழுதும் வித்தையையும் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம்.

இன்றைய நிலைக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் குறை வந்தால் செய்வது என்ன? கஸ்டமர் கேருக்குப் போன் போடுகிறோம். தமிழுக்கு இரண்டை அழுத்துகிறோம், புகாருக்கு ஐந்தை அழுத்துகிறோம், பாட்டுக் கேட்கிறோம். பாட்டு முடிகிறது, லைன் அறுந்துபோகிறது. மறுபடியும் இரண்டை அழுத்துகிறோம். ஒரு வழியாக ஒரு பெண் பேசுகிறார். அவரிடம் கத்துகிறோம். அந்தப் பெண் பாவம், எங்கோ ஓர் ஊரில் ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்ற கணக்குக்கு வேலை பார்க்கிறார். அவரால் விதியை மாற்ற முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. பெட்டியடிப் பையனிடம் வட்டியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டால் குறையுமா?

இங்கே நடுவில் ஒரு எச்சரிக்கை. ஆச்சிமார்கள் கொஞ்சம் காது கொடுங்கள். கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். திருடர்கள் வங்கியின் பெயரைப் போட்டுத் தங்கள் நம்பரை அங்கே வைத்திருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கம், பாஸ்புக், பில் இவற்றில் உள்ள நம்பர் மட்டும்தான் நம்பர். எக்ஸ், ஃபேஸ்புக் இவற்றில் புகார் எழுதினால் உங்கள் போன் நம்பரையும் கணக்கு எண்ணையும் எழுதாதீர்கள். எழுதிய பத்தாவது நிமிடம், தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் பேசுவான். ஒரு செயலியை ஏற்றச் சொல்வான். எந்தத் தலைமை அலுவலகமும் உங்களிடம் ஓடிபி கேட்காது.

இனிக் கடிதத்துக்கு வருவோம்.

முதலில் கிளைக்கு அல்லது கடைக்கு எழுதுங்கள். அங்கே தீர்ந்துவிட்டால் மேலே போக வேண்டியதே இல்லை. தீராவிட்டால் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். இணையத்தில் விற்கிற ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரை வெளியிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். டெலிபோன் கம்பெனி என்றால் அதற்குள்ளேயே மேல்முறையீட்டு அமைப்பு ஒன்று உண்டு. அது 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் விதித்திருக்கிறது. இந்தப் படிகளையெல்லாம் ஏறிய பிறகும் பதில் இல்லையா? இப்போது தலைவருக்கு எழுதுங்கள்.

விலாசம் எங்கே கிடைக்கும்? உங்கள் கையில் இருக்கிற பில்லிலேயே கிடைக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, போன், மின்னஞ்சல் எல்லாவற்றையும் பில்லிலும் கடிதத் தாளிலும் அச்சிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. எறும்பு எழுத்தில் அடித்திருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள், இருக்கும். தலைவர் பெயர் ஆண்டறிக்கையில் இருக்கும். அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர் வீட்டு விலாசத்தைத் தேடுவதும், மனைவி மக்களுக்குச் செய்தி அனுப்புவதும் நமக்கு அழகில்லை. அது புகாரைக் கெடுக்கும்.

என்ன எழுதுவது? கோட்டையூர் ஆச்சியையே எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆச்சிதான், கோட்டையூர்க்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆச்சியின் பேரன் முதலில் ஒரு கடிதம் எழுதினான். நாலு பக்கம். உங்கள் கம்பெனி ஏமாற்றுக் கம்பெனி என்று தொடங்கினான். ஆச்சிக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும் என்கிற முக்கியமான சங்கதி மூன்றாம் பக்கத்தின் நடுவில் புதைந்து கிடந்தது. எப்போது வாங்கியது என்று எங்கும் இல்லை. என்ன வேண்டும் என்றும் இல்லை. உலகத்தின் மிக நல்ல முதலாளி கையில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். கேளுங்கள். “ஐயா, 2025 மார்ச் 3ஆம் தேதி காரைக்குடியில் உங்கள் கம்பெனியின் ஃபிரிட்ஜ் ஒன்றை 32,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் நகல் இணைத்திருக்கிறேன். நவம்பர் 10ஆம் தேதி முதல் குளிர்ச்சி இல்லை. மூன்று முறை புகார் பதிந்தேன். மூன்று புகார் எண்களும் தேதிகளும் கீழே உள்ளன. மூன்று முறையும் கம்ப்ரஸர் வரவில்லை என்பதே பதில். வாரண்டி 2026 மார்ச் 2 வரை உள்ளது. நான் இன்சுலின் வைக்க வேண்டியவள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் கம்ப்ரஸரை மாற்றித் தரவும், முடியாவிட்டால் வேறு ஃபிரிட்ஜ் தரவும் வேண்டுகிறேன். இரண்டும் நடக்காவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன்.”

முடிந்தது. அரைப் பக்கம். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது, கெடு இருக்கிறது. இதைத் தமிழில் எழுதினால் படிப்பார்களா என்று கேட்பீர்கள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு நகல் வையுங்கள், அவர்கள் சாக்குச் சொல்ல இடமிருக்காது. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டு வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தாத்தா காலத்துக் கடன் சீட்டையே பெட்டகத்தில் வைத்திருக்கிற ஊர் இது, ரசீது வைக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைவர் தாமே படிப்பாரா? பெரும்பாலும் படிக்க மாட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளில் தலைவர் பெயருக்கு வருகிற கடிதங்களைப் பிரித்துப் பார்க்கத் தனியாக ஆட்கள் உண்டு. ஆனால் அவர்கள் தலைவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அவர்கள் கிளைக்கு ஒரு வரி போட்டால் கிளை எழுந்து நிற்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

தாமே படித்த தலைவர்களும் உண்டு. அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் வாடிக்கையாளர் எழுதுவதற்கென்றே தம் மின்னஞ்சல் முகவரியை ஊரறிய வைத்திருந்தார். வந்த புகாரைச் சம்பந்தப்பட்ட அதிகாரிக்குத் தள்ளிவிடுவார். அதோடு ஒரு சொல்கூட எழுத மாட்டார். ஒரே ஒரு கேள்விக்குறி போடுவார். அந்தக் கேள்விக்குறி வந்துவிட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, இந்தப் பிழை எப்படி நடந்தது என்று அந்த அதிகாரி காரணம் தேடி விளக்கம் எழுத வேண்டும். அமேசான் தொழிலாளர்களை நடத்துகிற விதத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அது இன்றைய பேச்சில் இல்லை. அந்தக் கேள்விக்குறியை மட்டும் நான் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறான கதையும் நம் நாட்டில் நடந்தது. 2024 அக்டோபரில் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா ஒரு படத்தைப் போட்டார். ரிப்பேருக்கு வந்த ஓலா மின்சார ஸ்கூட்டர்கள் தூசி படிந்து வரிசையாக நிற்கிற படம். அந்த ஸ்கூட்டர்கள் உருவாவது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். கம்பெனித் தலைவர் பவிஷ் அகர்வால் தாமே பதில் போட்டார். என்ன பதில்? எங்களுக்கு வந்து உதவுங்கள், உங்கள் தோற்றுப்போன காமெடித் தொழிலில் கிடைப்பதைவிட அதிகம் தருகிறேன் என்ற ஏளனம். அதே வாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு வருஷத்தில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்கள் 10,644 என்று கணக்குச் சொன்னது. அவற்றில் நூற்றுக்கு 99 தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இந்த இரண்டு தலைவர்களில் யார் கடையில் நீங்கள் பொருள் வாங்குவீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அந்த 10,644 என்ற எண் எங்கிருந்து வந்தது? எழுதியவர்களால் வந்தது, போன் செய்து பதிந்தவர்களால் வந்தது. டீக்கடையில் புலம்பியவர்களால் வரவில்லை. இங்கேதான் பழைய ஐந்தொகைக்கும் இன்றைய ஆண்டறிக்கைக்கும் ஒரு வித்தியாசம் வந்திருக்கிறது. நம் நாட்டுப் பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 பெரிய கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு பொறுப்பறிக்கை ஒன்றும் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கட்டளை போட்டிருக்கிறது. அதில் அந்த வருஷம் வந்த வாடிக்கையாளர் புகார் எத்தனை, வருஷக் கடைசியில் தீராமல் நிற்பது எத்தனை என்று காட்ட வேண்டும். பெகுவின் குடியானவனுக்கு இல்லாத வரி இன்று நமக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் பதியாத புகார் அந்த வரியில் ஏறாது. எழுதாதவர் குறை கணக்கில் சூன்யம்.

வங்கிக்கு வருவோம். வங்கியைப் பற்றிப் பேசாமல் காரைக்குடியை விட்டுப் போக முடியுமா? 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கதவு திறந்தது. நிறுவியவரின் சீமைக்காரர்கள் காரைக்குடிக் கிளைக்குள் போனபோது தலைவரைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்குமா? இன்று எந்த வங்கியின் தலைவரையும் நாம் அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு ஈடாகச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாள் காத்திருங்கள். பதில் வரவில்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ஓம்பட்ஸ்மேன் என்று சொல்வார்களே, அவர்தான். 1995இல் தொடங்கிய ஏற்பாடு இது. 2021 நவம்பரில் வங்கி, நிதி நிறுவனம், பணப்பை செயலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். காசு கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. ஆனால் வங்கிக்கு முதலில் எழுதாமல் நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தலைவருக்கு எழுதிய கடிதம் வீண் போவதே இல்லை. அவர் படிக்காவிட்டாலும் அடுத்த வாசலில் அது சாட்சி.

கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால் மட்டும் இந்த நிதானமெல்லாம் கூடாது. அந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வெளியே எவனோ செய்த திருட்டு என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். புகார் கொடுத்த பிறகு போவது வங்கியின் தலையில். வெட்கப்பட்டுக்கொண்டு மகன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் காசு.

பொருள், சேவை என்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முன்பெல்லாம் கம்பெனியோ அதன் கிளையோ இருக்கிற இடத்துக்கோ, விவகாரம் எழுந்த இடத்துக்கோதான் போக வேண்டும் என்ற தலைவலி இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே மனுச் செய்யலாம். மும்பைக் கம்பெனி சிவகங்கைக்கு வர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. குறை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அதை மறக்காதீர்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் பெரிய கம்பெனிகளில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் விடுமுறைக்கு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மேஜைக்கு ஒரு வாடிக்கையாளரின் கடிதம் வந்தால், இலாகா வேறு என்று ஓரமாகத் தள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை உங்கள் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு நீங்களே, யார் என்று சொல்லாமல், போன் போட்டுப் பாருங்கள். காந்தி வைஸ்ராயைக் கேட்டதைத்தான் நான் உங்களைக் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு, குறிப்பாக ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் அந்தப் பின்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும். உங்கள் தெருவில் எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் துணிவில்லாதவர்கள் இருக்கிறார்கள். தனியாக இருக்கிற ஆச்சி இருக்கிறார், தவணையில் தையல் மெஷின் வாங்கியவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். பில்லைத் தேடி எடுங்கள், அந்த அரைப் பக்கக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத அவசரத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.